கார்ஃபீல்டின் இருநூறு நாட்கள்: அமெரிக்காவில் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது அவருடைய மரணமா?

கேள்வி: குடியாத்தம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் தங்கி குரூப் 2 தேர்வுக்குப் படித்து வருகிறேன். மாவட்ட மைய நூலகத்துக்குப் படிக்க வரும் நாங்கள் சிலர், வாரம் ஒருவராக ஏதேனும் ஒரு வரலாற்றுப் பொருளைப் பற்றி அரைமணி நேரம் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் என் முறை. அமெரிக்காவின் 20-ஆவது குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் ஏ. கார்ஃபீல்டைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன். அரசு வேலைக்குத் தேர்வு எழுதக் காத்திருக்கும் எங்களுக்கு, அந்த நாட்டில் தேர்வு முறை எப்படி வந்தது என்பது நெருக்கமான விஷயமாக இருக்கும் என்பதே காரணம்.

வழிகாட்டி நூல்களில் இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அரசுப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான், அதன் விளைவாக, அரசு வேலைக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்த பெண்டில்டன் சட்டம் வந்தது என்கிறார்கள். ஆனால் அவர் சுடப்பட்டது 1881 ஜூலை 2. சட்டத்தில் கையொப்பம் விழுந்தது 1883 ஜனவரி 16. மரணம்தான் காரணம் என்றால் இடையில் ஏன் பதினெட்டு மாதங்கள் ஆயின? மேலும், அவரைக் கொன்றது குண்டே அல்ல, சிகிச்சை அளித்த மருத்துவர்கள்தான் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையானால், கொலையால் சட்டம் வந்தது என்ற பேச்சுக்கே என்ன பொருள்? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கோட்டைவெளி

அம்மா, உங்களை உறுத்துகிற அந்தப் பதினெட்டு மாத இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் நானும் அந்த ஒற்றை வரியோடுதான் இந்தப் பாடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பாடநூலில் அதற்கு மேல் இடமில்லை.

முதலில் அன்றைய நிலைமை. 1829-இல் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்திலிருந்து, வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது அங்கே வெளிப்படையான வழக்கமாக இருந்தது. வாஷிங்டனில் இருக்கும் எழுத்தர் முதல் சிற்றூர்த் தபால் அலுவலகத் தலைவர் வரை எல்லாமே சிபாரிசு. வேலை பெற்றவர் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கட்ட வேண்டும். கட்டாதவர் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் இருப்பது கடினம். இந்த அமைப்பில் மிகக் கொழுத்த இடம் நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அலுவலகம். அதைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் செனட்டர் ராஸ்கோ காங்க்ளிங். அவருடைய ஆளாக அங்கே தலைமைப் பதவியில் இருந்து, 1878-இல் குடியரசுத் தலைவர் ஹேஸால் நீக்கப்பட்டவர் செஸ்டர் ஆர்தர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1880-இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டுக்குக் கார்ஃபீல்டு போனது தமக்கு வேட்புக் கேட்க அல்ல. ஜான் ஷெர்மனுக்காகப் பேசப் போனார். முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டை மூன்றாம் முறையாக நிறுத்த விரும்பிய காங்க்ளிங் கோஷ்டியும், ஜேம்ஸ் பிளெய்ன் கோஷ்டியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்ததால், 36-ஆவது வாக்கெடுப்பில் கார்ஃபீல்டே வேட்பாளர் ஆனார். தோற்ற கோஷ்டியைச் சமாதானப்படுத்த, துணைத் தலைவர் இடம் அதே ஆர்தருக்குப் போயிற்று. நாடு முழுவதும் பதிவான ஏறக்குறைய 90 லட்சம் வாக்குகளில் பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் கார்ஃபீல்டு வென்றார்.

1881 மார்ச் 4-இல் பதவியேற்றது முதல் வேலை கேட்டு வருவோரின் வரிசைதான் அவருடைய நாளை விழுங்கியது. இந்த மாளிகைக்குள் வர வேண்டும் என்று ஒருவன் ஏன் ஆசைப்படுகிறான் என்று அலுத்துக்கொள்ளும் அளவுக்கு அது அவரை வாட்டியது. அந்த வரிசையில் வந்து நின்றவர்களில் ஒருவன்தான் கிட்டோ. தேர்தலின்போது தான் அச்சிட்டுக் கொடுத்த ஓர் உரையால்தான் கார்ஃபீல்டு வென்றார் என்றும், அதற்குக் கூலியாகப் பாரிஸ் தூதரகப் பதவி தனக்கு வர வேண்டும் என்றும் அவன் மெய்யாகவே நம்பினான். வெளியுறவு அமைச்சரான பிளெய்ன், இனி வாழ்நாளில் அந்தப் பதவியைப் பற்றி என்னிடம் பேசாதே என்று முகத்துக்கு நேரே சொல்லித் துரத்தினார். சுட்ட பிறகு அவன் கத்தியது தான் காங்க்ளிங் கோஷ்டியைச் சேர்ந்தவன், இனி ஆர்தரே தலைவர் என்பதாகும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேர்வு முறை என்ற எண்ணம் துப்பாக்கிச் சத்தத்தில் பிறந்ததல்ல. கிராண்ட் 1871-இலேயே ஓர் ஆணையம் அமைத்தார். காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், அதற்குப் பணம் ஒதுக்காமல் சில ஆண்டுகளில் முடக்கிவிட்டது. ஹேஸ், நியூயார்க் சுங்க அலுவலகத்திலேயே தேர்வு நடத்திப் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டதால் டார்மன் ஈட்டன் என்ற வழக்கறிஞர் பிரிட்டன் சென்று அங்குள்ள முறையை ஆராய்ந்து வந்து 1880-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரிட்டன் அந்த முறையைத் தன் நாட்டு அலுவலகங்களில் முழுமையாகப் புகுத்துவதற்கு முன்பே, இந்தியாவை ஆள அனுப்பும் அதிகாரிகளுக்காக 1855-இல் போட்டித் தேர்வைத் தொடங்கிவிட்டது என்பதை உங்கள் கூட்டத்தில் சொல்ல மறக்காதீர்கள். வட ஆற்காடு ஜில்லாவுக்குக் கலெக்டராக வர ஒரு வெள்ளைக்கார இளைஞன் லண்டனில் தேர்வு எழுத வேண்டியிருந்த காலத்தில், அமெரிக்காவில் அதே அளவு அதிகாரமுள்ள பதவிக்கு மாமன் மச்சான் உறவு போதுமானதாக இருந்தது.

ஆக, சட்டத்தின் வாசகம் ஏற்கெனவே தயார். ஒகாயோ மாநில செனட்டர் பெண்டில்டன் அறிமுகம் செய்த மசோதாவை எழுதிக் கொடுத்ததே அந்த ஈட்டன்தான். ஆனால் கார்ஃபீல்டு இறந்த பிறகும் காங்கிரஸ் அசையவில்லை. 1882 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி கீழவையை இழந்தது. 1884-இல் தலைவர் பதவியும் போய்விடும் என்ற அச்சம் வந்தது. ஜனநாயகக் கட்சி வந்தால் தங்கள் ஆட்களை எல்லாம் வெளியே அனுப்பிவிடும். புதிதாக வருபவருக்குத் தேர்வு, ஏற்கெனவே இருப்பவருக்குப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் இருந்தால் தங்கள் ஆட்கள் தப்பலாம். இந்தக் கணக்குப் புரிந்தவுடன், டிசம்பர் இறுதியில் செனட்டில் 38-க்கு 5 என்றும், ஜனவரி தொடக்கத்தில் கீழவையில் 155-க்கு 47 என்றும் மசோதா சடசடவென்று நிறைவேறியது. கையொப்பமிட்டவர் ஆர்தர், சுங்க அலுவலகத்திலிருந்து நீக்கப்பட்ட அதே ஆர்தர். என் மதிப்பீட்டில், மரணத்தைவிடத் தேர்தல் பயத்துக்கே இதில் பங்கு அதிகம்.

மறுமொழி 2: பழைய சர்ஜிக்கல் வார்டு

தங்கச்சி, உன் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வேலூரில் அறுவை சிகிச்சை வார்டில் நெடுங்காலம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த நோயாளியின் கதையை எப்போது படித்தாலும் எனக்குக் கை பதறும்.

அன்று காலை கார்ஃபீல்டு, தாம் படித்த வில்லியம்ஸ் கல்லூரிக்குப் போவதற்காக வாஷிங்டன் ரயில் நிலையத்துக்குள் பிளெய்னோடு நடந்து வந்தார். பின்னாலிருந்து இரண்டு குண்டுகள். ஒன்று கையை உரசிப் போயிற்று. மற்றொன்று முதுகின் வலப்பக்கம் நுழைந்து, முதலாவது இடுப்பு முள்ளெலும்பைத் துளைத்து, தண்டுவடத்தைத் தொடாமல், இடப்பக்கம் கணையத்துக்குப் பின்னால் போய்த் தங்கிவிட்டது. உள்நாட்டுப் போரில் இப்படிக் குண்டு உடலுக்குள் தங்கியும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் ஏராளம். அதை அப்படியே விட்டிருந்தால் அவர் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்பதே இன்று மருத்துவர்கள் பலரின் கருத்து.

விடவில்லை. நிலையத்திலேயே, அழுக்குத் தரையில் போட்ட மெத்தையில் அவர் கிடந்தபோதே, கழுவாத விரலையும் கொதிக்க வைக்காத உலோகக் கம்பியையும் விட்டுத் துழாவத் தொடங்கிவிட்டார்கள். பொறுப்பை எடுத்துக்கொண்டவர் வில்லார்டு பிளிஸ் என்ற மருத்துவர். அவருக்குப் பெற்றோர் வைத்த முதல் பெயரே ‘டாக்டர்’ என்பதுதான்; பட்டம் வாங்கியதும் ‘டாக்டர் டாக்டர் பிளிஸ்’ ஆனார். குண்டு வலப்பக்கம் கல்லீரலை நோக்கிப் போயிருக்கிறது என்று அவர் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உடலுக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் கண்டறியும் கருவி ஒன்றை இதற்கென்றே அமைத்து எடுத்து வந்தபோதும், வலப்பக்கம் மட்டும் தேடினால் போதும் என்றார் பிளிஸ். மெத்தையில் இருந்த எஃகுச் சுருள்களின் இரைச்சல் வேறு குழப்பியது. குண்டு கிடந்ததோ இடப்பக்கம். உடலை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். அதனால் குண்டு கண்ணில் படவில்லை என்பதற்காக நான் அவரைக் குறை கூற மாட்டேன். கை கழுவாததற்குத்தான் குறை கூறுகிறேன். ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயத்தைச் சுத்தமாக வைக்கும் முறையை 1867-இலேயே வெளியிட்டுவிட்டார். 1876-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து அமெரிக்க மருத்துவர்கள் முன்னால் பேசினார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை.

தொடக்கத்தில் சில அங்குல ஆழமே இருந்த காயம், விரல்களும் கம்பிகளும் போட்ட பொய்ப் பாதையிலும் சீழ் இறங்கிய வழியிலும் இடுப்பை நோக்கி ஏறக்குறைய 20 அங்குலம் நீண்டது. வாய்வழி உணவு தங்காமல் போனபோது, மாட்டிறைச்சிச் சாறு முதலியவற்றை ஆசனவாய் வழியாகச் செலுத்தினார்கள். 95 கிலோ அளவில் இருந்த மனிதர் 60 கிலோ அளவுக்கு இறங்கினார். வெள்ளை மாளிகையின் வெக்கையைத் தணிக்க, கடற்படைப் பொறியாளர்கள் பனிக்கட்டித் தண்ணீரில் நனைத்த துணித் திரைகளின் ஊடாக மின்விசிறி போன்ற ஒன்றால் காற்றைத் தள்ளி அறைக்குள் அனுப்பினார்கள். அக்கினி நட்சத்திரத்தில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து உட்காரும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நோயாளிக்குக் கிடைத்த உருப்படியான உபசாரம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய மனைவி லுக்ரீஷியாவுக்கு மருத்துவம் பார்த்து வந்த சூசன் எட்சன் என்ற பெண் மருத்துவர் அங்கேயே இருந்தார். பிளிஸ் அவரை மருத்துவராக ஏற்கவில்லை. நோயாளியின் அருகே நர்ஸ் வேலைதான் அவருக்குக் கிடைத்தது. பெண்களுக்கென்றே ஐடா ஸ்கடர் 1918-இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊரில் வேலை பார்த்தவளுக்கு இது உறைக்காமல் போகாது.

செப்டம்பர் 6-இல் அவரைக் கடற்காற்றுக்காக நியூஜெர்சியில் உள்ள எல்பரானுக்கு ரயிலில் கொண்டு போனார்கள். நிலையத்திலிருந்து அவர் தங்க வேண்டிய வீட்டு வாசல் வரை, ஊர் மக்களும் ரயில்வே ஆட்களுமாகச் சேர்ந்து ஒரே இரவில் தண்டவாளம் போட்டுக் கொடுத்தார்கள். செப்டம்பர் 19 இரவு அவர் இறந்தார். மண்ணீரலுக்குப் போகும் தமனி குண்டால் சேதமடைந்து, வீங்கி வெடித்தது என்று பிரேத பரிசோதனை காட்டியது. அதனால் குண்டுக்குப் பங்கே இல்லை என்று நீ கூட்டத்தில் சொல்லிவிடாதே. உடல் முழுவதும் சீழ் ஏறியிராவிட்டால் அந்தத் தமனியை அவர் தாக்குப்பிடித்திருப்பாரா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கிட்டோ நீதிமன்றத்தில், நான் சுட்டேன், கொன்றது மருத்துவர்கள் என்று வாதாடிப் பார்த்தான். எடுபடவில்லை, 1882 ஜூன் 30-இல் தூக்கிலிடப்பட்டான்.

மறுமொழி 3: ஆரணி கணக்கு வாத்தியார்

மேலே இருவரும் எழுதியது முக்கியமானது. நான் சிறிது மட்டும் சேர்க்கிறேன். இறந்த விதத்தையே பேசி, வாழ்ந்த விதத்தை விட்டுவிட வேண்டாம். இரண்டு வயது ஆவதற்குள் தந்தையை இழந்து, ஒகாயோவில் மரக்கட்டை வீட்டில் வளர்ந்து, பதினாறு வயதில் கால்வாய்ப் படகு இழுக்கும் குதிரைகளை ஓட்டி, காய்ச்சலில் விழுந்து வீடு திரும்பி, பிறகு ஹைரம் என்ற ஊரின் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தவர் அவர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடிய அதே 1856-ஆம் ஆண்டு அவர் வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, துப்புரவு வேலை பார்த்த அந்த நிறுவனத்துக்கே தலைவர்.

பிதாகரஸ் தேற்றத்துக்கு அவர் கொடுத்த நிரூபணம் 1876-இல் அச்சானது. அப்போது அவர் காங்கிரஸ் உறுப்பினர். ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்களை, ஒன்றின் சிறிய பக்கமும் மற்றதன் பெரிய பக்கமும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு வைத்து, மேல்முனைகளை ஒரு கோட்டால் இணைத்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். நடுவில் உண்டாகும் மூன்றாவது முக்கோணம், கர்ணத்தையே இரு பக்கமாகக் கொண்ட செங்கோண முக்கோணம். சரிவகத்தின் பரப்பளவை ஒரு முறை சூத்திரத்தாலும், மறுமுறை மூன்று முக்கோணங்களின் கூட்டலாலும் கண்டு சமப்படுத்தினால் தேற்றம் வந்துவிடும். உங்கள் கூட்டத்தில் பலகை இருந்தால் போட்டுக் காட்டுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஒரு கையால் கிரேக்கமும் மறு கையால் லத்தீனும் ஒரே நேரத்தில் எழுதுவார் என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அது சுவையான கதை. நம்பகமான ஆதாரம் கிடையாது.

மறுமொழி 4: வாலாஜா ரோடு

கோட்டைவெளி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கார்ஃபீல்டைச் சிபாரிசு முறையின் பலியாக மட்டும் வரைந்துவிடக் கூடாது. அவரும் அதே குளத்தில் நீந்தியவர்தான். கிரெடிட் மோபிலியர் என்ற ரயில்வே ஊழலில் 329 டாலர் பெற்றதாக அவர் மீது குற்றச்சாட்டு இருந்தது, அவர் மறுத்தார். 1880-இல் வேட்பை ஏற்று எழுதிய கடிதத்தில், பணியமர்த்தல் சீர்திருத்தத்தைப் பற்றி வழவழவென்றுதான் எழுதினார். சீர்திருத்தக்காரர்களே முகம் சுளித்தார்கள். காங்க்ளிங்கோடு மோதியதும் தேர்வு முறைக்காக அல்ல. நியூயார்க் சுங்க அலுவலகத் தலைமைக்குக் காங்க்ளிங்கின் எதிரியான வில்லியம் ராபர்ட்சனை நியமித்தார், அவ்வளவுதான். அது பிளெய்ன் கோஷ்டிக்குச் செய்த கைமாறு என்று சொன்னவர்களும் உண்டு. காங்க்ளிங் ரோஷத்தில் மே மாதம் செனட் பதவியை ராஜினாமா செய்து, நியூயார்க் சட்டமன்றம் தம்மை மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பும் என்று எதிர்பார்த்து, ஏமாந்து போனார். பதவி கொடுக்கும் அதிகாரம் செனட்டர்களுக்கா தலைவருக்கா என்ற சண்டையில் கார்ஃபீல்டு வென்றார். பதவி தகுதிக்கா சிபாரிசுக்கா என்பது வேறு சண்டை. அதில் அவர் இறங்குவதற்கு முன்பே சுடப்பட்டார்.

அவர் உயிரோடு இருந்திருந்தால் 1883-இல் இந்தச் சட்டம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. முன்னாள் அடிமைகளுக்கு முழுக் குடியுரிமை என்பதைப் பதவியேற்பு உரையில் அவர் அழுத்திப் பேசிய அளவுக்கு இந்த விஷயத்தில் அவருக்கு ஆவேசம் இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் வாசகி

அனைவருக்கும் நன்றி. அக்கா எழுதியதையும் ஐயா எழுதியதையும் சேர்த்துப் படித்தபோது என் இரண்டு கேள்விகளும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. லிங்கன் சுடப்பட்ட மறுநாள் காலையிலேயே இறந்துவிட்டார். கார்ஃபீல்டோ 79 நாட்கள் படுக்கையில் கிடந்தார்; ஒரு கோடைகாலம் முழுவதும் நாடே மருத்துவ அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தது. அன்றே இறந்திருந்தால் கிட்டோவை ஒரு பைத்தியக்காரன் என்று சொல்லி மறந்திருப்பார்கள் அல்லவா? மருத்துவர்களின் தவறு நீட்டித்த அந்த நாட்கள்தான் ‘வேலை கேட்டு வந்தவன் சுட்டான்’ என்ற பேச்சை ஊன்ற வைத்தன என்று நான் பேசினால் தவறாகுமா?

மறுமொழி 5: கோட்டைவெளி

தவறாகாது அம்மா; ஒரு சான்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பணியமர்த்தல் சீர்திருத்தத்துக்கான தேசியச் சங்கம் நியூபோர்ட்டில் கூடி அமைக்கப்பட்டது 1881 ஆகஸ்ட் மாதம், அதாவது கார்ஃபீல்டு படுக்கையில் இருந்தபோது. ஊருக்கு ஊர் தனித்தனியே இயங்கிய சிறு குழுக்கள் ஒரே அமைப்பானது அப்போதுதான். 1882 தேர்தலில் கட்சிக்காரர்களைப் பயமுறுத்தியதில் அந்தப் பிரசாரத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆகவே, தேர்தல் பயத்தையே பெரிதாகச் சொன்ன நான், அந்தப் பயத்தை வளர்த்த கோடைகாலத்தையும் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். ஆனால் ‘மருத்துவர்களால் சட்டம் வந்தது’ என்று ஒரே வரியாக்கிவிடாதீர்கள். வழிகாட்டி நூலின் வரிக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

சட்டத்தின் அளவையும் கூட்டத்தில் சொல்லுங்கள். தேர்வு வந்ததும் எல்லா வேலைகளும் அதற்குள் வந்துவிடவில்லை. வாஷிங்டன் துறை அலுவலகங்களின் எழுத்தர்கள், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை பார்த்த சுங்க அலுவலகங்கள், தபால் அலுவலகங்கள் ஆகியவை மட்டுமே முதலில் சேர்ந்தன. மொத்த மத்திய அரசு வேலைகளில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மீதியைச் சேர்க்கும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் விடப்பட்டது. பதவி விட்டு இறங்கும் ஒவ்வொருவரும், தாம் நியமித்த ஆட்களை அடுத்து வருபவர் நீக்கிவிடாதபடி அவர்களுடைய வேலைகளைத் தேர்வுப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போனார்கள். பட்டியல் நீண்டது பெரும்பாலும் அப்படித்தான். சிற்றூர்த் தபால் அலுவலகத் தலைவர் பதவி மட்டும் அதன் பிறகும் நெடுங்காலம் கட்சிக்காரர்களின் கையிலேயே இருந்தது.